இடப்பக்க இருக்கைக்கான டயர்கள்

என் மனைவியின் காருக்கு நான்கு டயர்களையும் மாற்றினால்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும் என்று ஆர்.டி.ஓ. அலுவலக ஏஜென்ட் சொன்னபோது, அதற்கு எங்கே போக வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அங்கே போகக் கூடாது என்றும் அதே நொடியில் முடிவு செய்தேன்.

ஆம்பூரில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு டயர் கடைக்குத்தான் அவள் பதினோரு ஆண்டுகள் போய்வந்தாள். கடைக்காரர் அவளை ‘ஆபா’ என்று அழைப்பார். உருதுவில் அக்கா என்று பொருள். அவள் இறந்த அன்று அவர் தம் கடையை மூடிவிட்டு வேலூருக்கு வந்து, எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றபடியே குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்தவன் வறண்ட கண்களோடு நிற்க, டயர் விற்பவர் அழுவதைத் தெருவே பார்த்தது. அந்தக் காட்சியை நான் மன்னிக்கவில்லை.

ஆகவே இம்முறை அவளுடைய காருக்கு எது பொருந்தும் என்பதை, அவளுடைய கணவனாகிய நான், எவரையும் கேளாமல் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விரும்பினேன். வேண்டியது அவ்வளவுதான். அதற்குக்கூட எனக்குத் தகுதி இல்லை என்று பின்னர் தெரிந்தது.

அவள் மகளிர் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவள். கார், வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நம் நாட்டில் சில ஆண்டுகள் மட்டும் விற்று நிறுத்திவிட்ட சிறிய வண்டி. வண்டியின் உடலுக்கு ஒவ்வாத அளவு பெரிய எஞ்சின். அதைப் பழைய வண்டியாகவே வாங்கினாள். ஒரு பேராசிரியை ஓட்டத் தகுந்ததா என்று கேட்டேன். “நிறை குறைவு, விசை அதிகம். இதில் தகுதி எங்கே வந்தது?” என்றாள். வாங்கிய புதிதில் என்னை இடப்பக்கம் உட்கார வைத்து ஏலகிரி மலைக்கு ஓட்டிப் போனாள். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதையில் ஆறாவது வளைவில் நான் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, சாலையோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். என் உட்செவியில் நெடுநாளாக ஒரு கோளாறு உண்டு. அவள் தண்ணீர் கொடுத்தாள். அதன் பிறகு நான் உடனிருக்கும்போதெல்லாம், முன்பலகையில் ததும்பத் ததும்ப ஒரு டம்ளர் வைத்திருப்பவளைப் போல ஓட்டினாள். வகுப்பு இல்லாத வியாழக்கிழமைகளில் தனியாகப் போவாள். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் மறைக்கவில்லை. “மலைக்குப் போய்விட்டு வருகிறேன்” என்பாள். மதிய உணவுக்குத் திரும்பிவிடுவாள்.

டயர்கள் கெட்டுப்போனதற்குக் காரணம் நான். இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டால் மற்றவை விளங்கா.

நான் தோல் வேதியியல் படித்தவன். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் ஆலைகளில் நாற்பது ஆண்டுகள் பணியாற்றினேன். அவள் இறந்த பின் பதினான்கு மாதங்கள் கார் கொட்டகையிலேயே நின்றது. மூன்றாவது மாதம் டயர்களின் பக்கவாட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகளைக் கண்டேன். கடைசியாக அவை உருண்டது அவள் ஓட்டியபோது. அவற்றை அந்த நிலையிலேயே காக்க வேண்டும் என்று தோன்றியது. உலர்ந்து வெடிக்கும் தோலுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை என் கைகள் அறியும். ஆலைகளில் ‘ஃபேட் லிக்கர்’ என்பார்கள். தோலை இளக வைக்கும் மீன் எண்ணெய்ப் பால். பழைய நண்பர் ஒருவரிடம் ஒரு கேன் வாங்கி வந்து, ஞாயிறுதோறும் மல் துணியில் நனைத்து நான்கு டயர்களுக்கும் தடவினேன். எண்ணெயைக் குடித்தால் ரப்பர் ஊதும் என்பதை நான் அறியாதவன் அல்லேன். ஆலைக்குப் பயிற்சிக்கு வந்த மாணவர்களுக்குக் கற்பித்தும் இருக்கிறேன். அறிவு ஓரிடத்தில் இருந்தது. கை வேறிடத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. ஓராண்டு முடிவில் டயர்கள் ஊறிய பிண்ணாக்கைப் போலாகிவிட்டன.

முதலில் வேலூரிலேயே ஒரு பெரிய கடைக்குப் போனேன். குளிரூட்டிய அறை, சுவரெங்கும் பளபளக்கும் அலாய் சக்கரங்கள். விற்பனையாளர் காரின் பெயரைக் கேட்டதும் டயரை விட்டுவிட்டுச் சக்கரத்துக்குத் தாவினார். “பதினாறு இஞ்ச் போட்ருவோம் சார். வண்டி லுக்கே மாறிடும்” என்றார். துளைகள் பொருந்துமா என்று கேட்டேன். “நாலு ஓட்டைதானே சார்? எல்லா சின்ன வண்டிக்கும் நாலு ஓட்டைதான். போல்ட்டு முறுக்கினா தானா உக்காந்துடும்.”

வீட்டுக்கு வந்து சக்கரம் ஒன்றைக் கழற்றி, வெர்னியர் அளவியால் அளந்தேன். காரின் நான்கு துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் தொண்ணூற்றெட்டு மில்லிமீட்டர். கடையில் இருந்தவை நூறு. இரண்டு மில்லிமீட்டர் வேறுபாட்டை முறுக்கி அடக்கினால் சக்கரம் மையம் விலகி உட்காரும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். ஒருநாள் போல்ட்டும் அறும். இதைக் கண்டுபிடித்ததில் எனக்குச் சிறு பெருமிதம்கூட ஏற்பட்டது. ஆனால் தொண்ணூற்றெட்டு மில்லிமீட்டர்ச் சக்கரத்தைப் பற்றித் தெரிந்தவர் இந்த மாவட்டங்களில் எவர் என்று விசாரித்தபோது, விசாரித்த மூவரும் ஆம்பூர்க் கடையையே சொன்னார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலையில், சர்வீஸ் சாலையிலேயே நாற்பதைத் தாண்டாமல் ஓட்டிக்கொண்டு போனேன். ஆம்பூரில் வெள்ளிக்கிழமை கடைகள் அடைப்பு என்பதால் வியாழனன்று எவருக்கும் நிற்க நேரம் இருக்காது. தோல் ஏற்றிய மினி லாரி ஒன்று முன்னால் ஜாக்கியில் நின்றது. கடைக்காரர் அதை விட்டுவிட்டு எழுந்து வந்தார். என்னைப் பார்ப்பதற்கு முன் காரைப் பார்த்தார். பின்னர்தான் என் பக்கம் திரும்பி, “வாங்க சார்” என்றார்.

குனிந்து முன்டயரைத் தொட்டவர், விரல்களை முகர்ந்தார்.

“இன்னா சார் இது? மீன் வாடை அடிக்குது.”

“எண்ணெய் தடவினேன்.”

“டயருக்கா?”

“வெடிப்பு கண்டிருந்தது.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் தோல் ஆலைகளில் வேலை செய்தவர்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. “ஃபேட் லிக்கரா சார்? யா அல்லா. எங்கப்பா சைக்கிள் சீட்டுக்குத் தடவுவாரு. டயருக்குத் தடவின ஆள நான் இப்பத்தான் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு, சிரித்ததற்காக உடனே காதைத் தொட்டுக்கொண்டார். “தப்பா நெனச்சுக்காதீங்க சார். நாலும் போச்சு. இதுல பைபாஸ்ல வேகமா வந்திருந்தீங்கன்னா பேஜாராயிருக்கும்.”

“அவள் எந்த டயர் போட்டிருந்தாளோ அதையே போடுங்கள்” என்றேன்.

“எந்த செட்டுக்கு சார்?”

எனக்கு விளங்கவில்லை. அவரும் சற்று நேரம் விளங்காமல் நின்றார்; பிறகு விளங்கியது அவருக்குத்தான். அது அவர் முகத்தில் தெரிந்தது. “சாருக்குத் தெரியாதா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டு, கடையின் உள்ளே அழைத்துப் போனார். மரப்பலகை அடுக்கின் மேல்தட்டில் ஒரு படுதாவை விலக்கினார். நான்கு சக்கரங்கள். என் காரில் இருப்பவற்றைவிட ஓர் அங்குலம் பெரியவை; கருஞ்சாம்பல் நிறம்; கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தன. அகலமான, பக்கச்சுவர் குட்டையான டயர்கள். நடுப்பகுதியைவிட வெளியோரம் அதிகம் தேய்ந்திருந்தது.

“இது ஆபா செட். உங்க வண்டில இருக்கறது சார் செட்” என்றார்.

வியாழன்தோறும் நடந்தது இதுதான். அவள் ஒன்பது மணிக்கு வருவாள். காரில் இருக்கும் மெத்தென்ற டயர்களைக் கழற்றி, இவற்றைப் பூட்டுவார்கள். மலை ஏறி இறங்கி வந்து, மறுபடியும் மாற்றிக்கொண்டு வேலூர் திரும்புவாள். விறைப்பான டயர் வளைவில் சாலையைக் கவ்விப் பிடிக்கும். ஆனால் சிறு கல்லைக்கூட முதுகெலும்பில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மெத்தென்ற டயர் அதை விழுங்கிவிடும். ஆனால் வளைவில் துவளும். இரண்டையும் ஒரே டயரில் எதிர்பார்க்க முடியாது. அதனால் அவள் இரண்டையும் வைத்துக்கொண்டாள்.

நான் அங்கே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஓராண்டாக நான் எண்ணெயிட்டுக் காத்தவை அவளுடைய டயர்கள் அல்ல. அவை என் பொருட்டு அவள் சகித்துக்கொண்டவை. அவளுடையவை இங்கே, இவர் கூரையின் கீழே, படுதாவால் மூடிப் பேணப்பட்டிருக்கின்றன, கெடவும் இல்லை.

“நீங்கள் அவளோடு மலைக்குப் போயிருக்கிறீர்களா?” என்று கேட்டேன். குரலைச் சமமாக வைத்துக்கொண்டதாக நினைக்கிறேன்.

“ஒரே ஒரு வாட்டி சார். முன்னாடி வீல்ல சத்தம் வருதுன்னாங்க, கேக்கறதுக்காகப் போனேன். பதினாலு வளைவும் நான் கண்ணையே தொறக்கல.” அவர் முகம் மலர்ந்தது. “எறங்கும்போது ஒரு லாரிக்காரன் எங்க பக்கமே ஏறி வந்துட்டான் சார். ஆபா கண்ணாடிய எறக்கிட்டுத் திட்டினாங்க பாருங்க! எங்க ஆம்பூர்லயே அப்படித் திட்ட ஆள் கெடையாது. அவன் லாரிய நிறுத்திட்டு சலாம் போட்டான்.”

முப்பத்தெட்டு ஆண்டுகளில் அவள் ஒரு வசைச்சொல் சொல்லி நான் கேட்டதில்லை. பால்காரர் ஏமாற்றியபோதும், கல்லூரியில் அவளுக்கு உரிய பதவி வேறொருவருக்குப் போனபோதும், “பரவாயில்லை” என்பதே அவளுடைய சொல். அதை நான் அவளுடைய இயல்பு என்று பிறரிடம் புகழ்ந்தும் இருக்கிறேன்.

“என்ன சொல்லித் திட்டினாள்?”

“அது… விடுங்க சார்.”

“நான் கேட்கிறேன்.”

“உங்க முன்னாடி அத நான் எப்படி சார் சொல்வேன்? மரியாத இல்ல சார்.”

இரண்டாம் முறையும் கேட்டேன். தலையை அசைத்தார். அவருடைய பணிவின் பின்னால் அந்தச் சொல் பத்திரமாக இருந்தது. இத்தனை வயதில், கேவலமான ஒரு சொல்லுக்காக, ஒரு மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று என் கைகள் விரும்பியதை நான் மறைக்கப் போவதில்லை.

பேச்சை அவர் டயருக்குத் திருப்பினார். ஆபா செட்டை இப்போது பூட்ட வேண்டாம் என்றார். கம்பெனி அளவு இல்லாத சக்கரத்தோடு போனால் வாகன ஆய்வாளர் தடுக்கக்கூடும். சார் செட்டின் சக்கரங்களிலேயே புதிய டயர்கள் போட்டுக்கொள்வது நல்லது. அதற்காக மூன்று வகை டயர்களைத் தரையில் நிறுத்தினார். நான் ஒவ்வொன்றின் பக்கச்சுவரையும் கட்டைவிரலால் அழுத்தி, மடித்து, மேற்பரப்பைத் தடவிப் பார்த்தேன்.

“தோல் பாக்கற மாதிரி பாக்கறீங்க சார். டயர் அப்படிச் சொல்லாது” என்றவர், பக்கச்சுவரில் அச்சிட்டிருந்த எண்களைக் காட்டினார். எந்த ஆண்டின் எந்த வாரம் செய்யப்பட்டது. எவ்வளவு எடை தாங்கும். எந்த வேகம் வரை தாங்கும். எல்லாம் எழுத்தில் இருந்தது. நான் விரலில் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்குப்படி ஒரு டயரை, ஒன்றரை ஆண்டு பழையது என்று தள்ளினார். மிஞ்சிய இரண்டில் ஒன்று விறைப்பு, மற்றது மெத்து.

“மெத்தென்றிருப்பதைப் போடுங்கள்.”

அவர் தயங்கினார். “சார், ஒண்ணு கேக்கட்டுமா? மெத்து டயர் எடது பக்கம் உக்கார்றவங்களுக்காகப் போட்டது. உங்களுக்குத் தல சுத்தும்னு ஆபா சொல்லிருக்காங்க. இப்ப ஓட்டறது நீங்க. ஸ்டியரிங் பிடிச்சவங்களுக்கு சுத்தாது. எடது பக்கம் யாரு சார் உக்கார்றாங்க?”

என் உட்செவியின் கோளாறு இந்தக் கடையில் பேசப்பட்டிருக்கிறது. ஆறாவது வளைவும் பேசப்பட்டிருக்கலாம்.

“யாரும் இல்லை” என்றேன். “மெத்தென்றிருப்பதையே போடுங்கள்.”

அவர் விறைப்பான டயரை ஓரமாக உருட்டி வைத்தார். அவளாக அந்தக் காருக்குத் தேர்ந்தெடுத்ததில் எனக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான். அதை இவருடைய தர்க்கத்துக்கு விட்டுக்கொடுக்க என்னால் இயலவில்லை.

டயர்களைப் பூட்டிக் காற்றடித்து, சமநிலை பார்த்து முடிக்கும்போது பகல் தொழுகைக்கு அழைப்பு வந்தது. “ஆபா செட் இங்கயே இருக்கட்டும் சார். எப்ப வேணும்னாலும் வந்து போட்டுக்கலாம்” என்றார். வேண்டாம், எடுத்துப் போகிறேன் என்றேன். பின்னிருக்கையை மடித்து நான்கையும் ஏற்றினோம். கடைசிச் சக்கரத்தைத் தூக்கும்போது அவர் அதை ஒரு கணம் தொடையில் தாங்கிக்கொண்டு நின்றார். அடுக்கின் மேல்தட்டில் தூசி படியாத நான்கு வட்டங்கள் வெறுமையாகத் தெரிந்தன. அதைக் கண்டு எனக்கு ஒரு நிறைவு ஏற்பட்டது. நல்ல உணர்ச்சி அல்ல. ஆனாலும் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரை அது என்னோடு வந்தது.

பதிவு புதுப்பிக்கப்பட்டது. ஆய்வாளர் டயர்களைக் காலால் ஒரு முறை தட்டிப் பார்த்ததோடு சரி.

சக்கரங்களை என் படிப்பறையில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தேன். ஒரு வாரம் கழித்து ஒன்றைத் திருப்பி வைக்கும்போதுதான் உட்புறத்தைப் பார்த்தேன். வெள்ளை மை. அவளுடைய கையெழுத்தில் ‘மு.இ.’, முன்பக்கம், இடது. மற்றவற்றில் ‘மு.வ.’, ‘பி.இ.’, ‘பி.வ.’ ஒவ்வொன்றுக்கும் அருகே, அவளுடைய எழுத்தை உரசினாற்போல, உருதுவில் ஒரு வரி. ஆம்பூரில் அத்தனை ஆண்டுகள் வேலை பார்த்தும் உருது எனக்குப் பேச்சளவில்தான் வரும், படிக்கத் தெரியாது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டில், என் அறையில், அவளுடைய எழுத்துக்குப் பக்கத்தில், எனக்கு விளங்காத ஒரு வரியாக அந்தக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

அலமாரியில் அசிட்டோன் இருந்தது. பஞ்சில் நனைத்து, ‘மு.இ.’ என்று இருந்த சக்கரத்தில், உருது வரியின் கடைசி எழுத்தில் மிகக் கவனமாகத் தொட்டேன். மை கரைந்து வழிந்தது. பஞ்சை நகர்த்துவதற்குள் அவளுடைய இரண்டு எழுத்துகளின் மேலும் பரவிவிட்டது. இரண்டும் ஒரே பேனாவால் எழுதப்பட்டவை. ஒன்றைக் கரைப்பது மற்றதையும் கரைக்கும் என்று அறிய எந்தப் பட்டமும் தேவையில்லை. துடைத்தபோது அங்கே எதுவும் இல்லை.

அடுத்த வியாழன் நான்கு சக்கரங்களையும் ஏற்றிக்கொண்டு மீண்டும் ஆம்பூர் போனேன். ஏற்றி இறக்கியதில் ஒன்றில் எழுத்து அழிந்துவிட்டது என்று சொன்னேன். என் வாழ்வில் நான் சொன்ன பொய்கள் குறைவு. அதனால் அவை தேர்ச்சியற்றவை. கடைக்காரர் சக்கரத்தைச் சாய்த்துப் பார்த்தார், மெருகு மங்கிய இடத்தை விரலால் தடவினார்.

“மொதல்ல எண்ணெ. இப்ப தின்னரா சார்?” என்றார். “உங்க கைல சாமானக் குடுக்கவே பயமா இருக்கு.”

 உருதுவில் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் கேட்டேன்.

“காத்து சார். எந்த வீலுக்கு எவ்ளோ காத்துன்னு. இதுக்கு முப்பத்திரெண்டு.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வேற இன்னா எழுதுவாங்க?” என்றார்.

“இவை இங்கேயே இருக்கட்டும்” என்றேன்.

அவர் ஒவ்வொன்றாகத் தூக்கி மேல்தட்டில் வைத்தார். எழுத்து அழிந்த நான்காவதை மட்டும் கீழே வைத்துக்கொண்டு, மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளைப் பேனாவை எடுத்து உருதுவில் தம் வரியை எழுதினார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். “ஆபா எழுதினத நீங்க எழுதுங்க சார்.”

“நீங்களே எழுதுங்கள். அவளுடைய எழுத்தை நீங்கள்தான் வாரந்தோறும் பார்த்தவர்.”

நான் அதை எந்தப் பொருளில் சொன்னேன் என்பது அவருக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் குந்தி உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தமிழில் மெதுவாக ‘மு.இ.’ என்று எழுதினார். பார்த்துப் பார்த்துப் பழகிய கை. மு-வின் வளைவும், புள்ளியை இழுத்து வைக்கும் அந்த அவசரமும் அவளுடையவையாகவே இருந்தன.

“சரியா இருக்கா சார்?”

குனிந்து பார்த்தேன். இ-யின் சுழி மட்டும் சற்றுப் பெரிதாக இருக்கிறது என்றேன்.